எச்டிஎம்ஐ மன்றத்தின் மேலான சமூகத்துக்கு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
எச்டிஎம்ஐ மன்றம்,
பீவர்ட்டன், ஓரிகன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: வீட்டுத் தொலைக்காட்சி – பின்பக்கம் – ஒரே மாதிரி ஓட்டைகள், ஒரே மாதிரி வயர்கள், வெவ்வேறு குணங்கள் – பெயர் சூட்டிய வகையில் குழப்பம் – தெளிவுரை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. விதிமுறை 1.0, டிசம்பர் 2002. 2. விதிமுறை 2.1, நவம்பர் 2017. 3. விதிமுறை 2.2, ஜூன் 2025.

ஐயா / அம்மா,

பார்வை 1-இல் கண்ட விதிமுறையைத் தங்கள் முன்னோர்களான ஹிட்டாச்சி, மட்சுஷிதா, பிலிப்ஸ், சோனி, தாம்சன், தோஷிபா, சிலிக்கான் இமேஜ் ஆகிய ஏழு நிறுவனத்தார் வெளியிட்டபோது உலகத்துக்குக் கொடுத்த வாக்கு, படத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்து இனி ஒரே வயர் என்பது. அந்த வாக்கு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. வயர் ஒன்றுதான். முனையும் ஒன்றுதான். அன்று இருந்த 19 பின்னும் இன்றும் அப்படியே இருக்கின்றன. பழைய கேபிளையும் போன மாதம் வந்த கேபிளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. மேற்படி பெற்றோர் தாங்கள்தான் என்பதால் இம்மனு தங்களுக்கு வருகிறது.

தங்கள் வருகைக்கு முன் எங்கள் வீடுகளில் ஏவி வயரின் ஆட்சி. மஞ்சளில் படம், சிவப்பிலும் வெள்ளையிலும் சத்தம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்துக்கு நிறம் பார்த்துச் செருகினாள். மஞ்சள் ஒடிந்துபோனால் வெள்ளையைப் பிடுங்கி மஞ்சள் ஓட்டையில் போட்டுவிட்டு, சத்தத்தை ஒரு பக்கமாகக் கேட்டுக்கொண்டு படம் பார்த்தோம். படம் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். 2006-இல் தமிழ்நாட்டு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் தங்கள் தரப்பு 1.3 என்ற விதிமுறையை வெளியிட்டு, நொடிக்கு 10.2 ஜிகாபிட் என்று அறிவித்தது. இரண்டும் மக்கள் நலத் திட்டங்களே. ஆனால் அரசு கொடுத்த பெட்டியில் எந்த வயரை எங்கே செருகுவது என்று தெளிவுரை கேட்டு, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு மனுகூட வந்ததில்லை.

இப்போது கடைக்குப் போவோம். ரிச்சி தெருவில் எந்தக் கவுண்டரில் நின்றாலும் அங்கிருக்கும் தம்பி கேட்கும் முதல் கேள்வி, “சார், 1.4-ஆ, 2.0-ஆ, 2.1-ஆ?” தங்கள் விதிப்படி அந்தக் கேள்வியே செல்லாது. எண் என்பது விதிமுறைக்கு மட்டும். கேபிளுக்கு எண் கிடையாது, கேபிளின் மேல் அதை அச்சிடவும் கூடாது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தடை போட்டுவிட்டீர்கள். தடை போட்ட சங்கதி தம்பிக்குத் தெரியாது. அட்டை அச்சடித்தவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எண்ணுக்குப் பதிலாகத் தாங்கள் அருளிய பெயர்கள் இவை: ஸ்டாண்டர்டு, அதற்கு மேலே ஹை ஸ்பீடு, அதற்கும் மேலே பிரீமியம் ஹை ஸ்பீடு, பிறகு அல்ட்ரா ஹை ஸ்பீடு. இவற்றில் சிலவற்றுக்கு “வித் ஈதர்நெட்” என்று வால் வேறு. அந்த ஈதர்நெட் வசதியைப் பயன்படுத்திய கருவியை எங்கள் தெருவில் கண்ணால் கண்டவர் எவருமில்லை.

ஐயா, பட்டம் கொடுப்பதில் தமிழனை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்திருந்தவர்கள் நாங்கள். எங்கள் தலைவர்களுக்கும் நடிகர்களுக்கும் கொடுத்திருக்கும் பட்டங்களைச் சுவரொட்டியில் அடித்தால் பெயருக்கு இடம் மிஞ்சாது. ஆனால் எங்கள் பட்டங்களில் ஒரு நேர்மை உண்டு. அவற்றைப் படித்துப் பார்த்து எவரும் சாமான் வாங்கப் போவதில்லை.

தங்கள் பட்டங்களுக்குள் ஒளிந்துகிடப்பது நாலே நாலு எண்கள். ஹை ஸ்பீடு என்றால் நொடிக்கு 10.2 ஜிகாபிட், பிரீமியம் 18, அல்ட்ரா 48, இப்போது வந்திருக்கும் அல்ட்ரா96-க்கு 96. (கடைசி எண்ணைப் பற்றிப் பிறகு தனியே பேசவேண்டியிருக்கிறது.) அந்த எண்ணைக் கேபிளின் மேல் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? எங்கள் எலக்ட்ரீசியன் அண்ணன் விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர், பிளக்குக்கு இரண்டரை ஸ்கொயர், ஏசிக்கு நாலு ஸ்கொயர் என்று கேட்டு வயர் வாங்கி வருகிறார். நாலு ஸ்கொயர் வயருக்கு ‘அதிஉன்னத மின்சாரம்’ என்று பெயர் வைத்திருந்தால் இந்த ஊரில் பாதி வீடு எரிந்திருக்கும்.

எண் தெரிந்தால் ஆசாமிக்குக் கணக்குப் போட வரும். அதுதான் தங்களுக்குச் சங்கடமோ என்னவோ. இந்தியாவில் எச்டி சேனல்கள் 1080ஐ முறையில் வருகின்றன. அந்தப் படத்தை செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குக் கொண்டுபோக நொடிக்கு 2.2 ஜிகாபிட் போதும். முழு எச்டி, அதாவது 1080பி, நொடிக்கு 60 படம் என்றால் 4.5. தங்கள் 2002-ஆம் ஆண்டு விதிமுறையே 4.95 தாங்கும். ஆக, மெகா சீரியல் மாமியார் அழுவதற்கு 48 ஜிகாபிட் கேபிள் தேவையே இல்லை, 2.2-லேயே அவர் மிக நன்றாக அழுகிறார். 4கே படம், நொடிக்கு 60 என்று வரும்போதுதான் ஏறக்குறைய 18 ஆகிறது. அதற்குப் பிரீமியம் கேபிள் போதும். பேரப் பிள்ளைகள் கேம் பெட்டியை வைத்துக்கொண்டு 4கே-யில் நொடிக்கு 120 கேட்டால் மட்டும் அல்ட்ராவுக்குப் போகவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத் தங்கள் அட்டைப்பெட்டி எதுவும் சொல்வதில்லை. கடைத் தம்பி சொல்வது வேறு: “சார், இது 8கே சப்போர்ட். பின்னாடி உதவும்.” சென்னையில் எட்டு கே டிவி வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து அந்தத் தம்பியின் முதலாளி மட்டும்தான், அதுவும் ஷோரூம் ஜன்னலில்.

அடுத்து தங்கம். முனையில் 24 காரட் முலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. “செய்கூலி சேதாரம் உண்டா தம்பி?” என்று கேட்டேன், சிரிக்கவில்லை. கடற்கரை ஊரில் உப்புக் காற்றுக்கு முனை கருக்காமல் இருக்கத் தங்க முலாம் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதனால் நிறம் பளிச்சென்று வரும் என்பது கட்டுக்கதை. தங்கள் கேபிளில் போவது எண்கள். எண் போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேராவிட்டால் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கும், ஒரு கணம் இருட்டிவிட்டுத் திரும்பும், இல்லையென்றால் ‘சிக்னல் இல்லை’ என்று நிற்கும். மலிவுக் கேபிளில் நாயகியின் புடவை கொஞ்சம் வெளிறித் தெரிவது என்பது பழைய மஞ்சள் வயர் காலத்து நோய். அதைப் புதுக் காலத்துக்கும் இழுத்து வந்து மருந்து விற்கிறார்கள். 2008-இல் டெனான் நிறுவனம் ஒன்றரை மீட்டர் ஒலிக் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு விற்றது. பார்வைக்குச் சாதாரண நெட்வொர்க் வயர். எந்தப் பக்கமாகச் சத்தம் ஓடவேண்டும் என்று அதன் மேல் அம்புக்குறி வேறு. அது தங்கள் கேபிள் இல்லை என்பது தெரியும். ஆனால் எண் எழுதாத இடத்தில் அம்புக்குறிதான் வந்து உட்காரும்.

இனி பார்வை 2. இதில்தான் என் முப்பது வருடக் கோப்பு அனுபவமும் தோற்றுப்போனது. 2.1 என்று முத்திரை இருக்கும் டிவியில் 48 ஜிகாபிட் உண்டு, 4கே 120 உண்டு, ஆட்டத்துக்கு ஏற்ப வேகம் மாறும் விஆர்ஆர் உண்டு என்று நம்பி உலகம் பணம் கட்டியது. 2021 டிசம்பரில், தங்கள் சார்பில் உரிமம் வழங்கும் அலுவலகத்தார் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார்கள். 2.0 என்று இனி ஒன்று இல்லையாம், அது 2.1-இன் உட்பிரிவாம். 2.1-இன் புது வசதிகள் எல்லாமே விருப்பத்துக்குட்பட்டவையாம். ஆகவே 2.0 செய்யும் வேலையை மட்டும் செய்கிற கருவிக்கும் 2.1 என்றே பெயராம். வாசலில் ‘முழுச் சாப்பாடு’ என்று பலகை மாட்டியிருக்கிறீர்கள். உள்ளே போய் இலை போட்டு உட்கார்ந்தால் சாம்பார் விருப்பத்துக்குட்பட்டது, கூட்டு விருப்பத்துக்குட்பட்டது, சோறும் விருப்பத்துக்குட்பட்டது; தண்ணீர் தெளித்த வெறும் இலையும் முழுச் சாப்பாட்டின் உட்பிரிவே என்று கல்லாவிலிருந்து விளக்கம் வருகிறது. எந்தெந்த வசதி இருக்கிறது என்று தயாரிப்பாளர் எழுதிவைக்க வேண்டும் என்பது விதி என்கிறீர்கள். எழுதித்தான் வைக்கிறார்கள், கையேட்டின் பின்பக்கத்தில், எறும்பும் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில்.

அரசு அலுவலகத்தில் இப்படி ஒரு உத்தரவை நான் வரைவு செய்திருந்தால் மேலதிகாரி கோப்பைத் தூக்கி எறிந்திருப்பார். பாராட்டவும் செய்திருப்பார், அது வேறு.

சரியான கேபிள் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டிவியின் பின்னால் நான்கு ஓட்டைகள். உருவத்தில் நான்கும் ஒன்று. பல டிவிகளில் இரண்டுக்கு மட்டும்தான் முழு வேகம். சவுண்ட்பாருக்குச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் இ-ஏஆர்சி என்பது ஏதாவது ஒரு ஓட்டையில் மட்டும். அந்த ஒன்றும் எங்கே இருக்கும் என்கிறீர்கள்? அனேகமாக அந்த முழு வேக இரண்டில் ஒன்றாகவே இருக்கும். சவுண்ட்பாரைச் செருகினால் வேகமான ஓட்டை ஒன்று போச்சு. வீட்டில் இரண்டு கேம் பெட்டி இருந்தால் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. இதற்கும் மேலே, கேபிளும் சரி, ஓட்டையும் சரி என்றான பிறகும் டிவியின் மெனுவுக்குள் இறங்கி ஒரு சுவிட்சைப் போடவேண்டும். அது சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’. மூன்றும் ஒரே காரியம்: இந்த ஓட்டைக்கு முழு வேகத்தைத் திறந்துவிடு. போடாவிட்டால் மேற்படி 48 ஜிகாபிட் கேபிள் வெறும் துணி காயப்போடும் கொடி.

ஒரே ரிமோட்டில் எல்லாக் கருவியையும் இயக்கும் சிஇசி வசதிக்கும் இதே கதி. அதற்கு ஒரு சகஸ்ரநாமமே இருக்கிறது: எனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க், வியரா லிங்க், ஈசி லிங்க், ரெக்சா லிங்க். கடையில் சிஇசி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார்கள். எனிநெட் இருக்கிறதா என்றால் உண்டு என்கிறார்கள். ரிமோட் பிரச்சினையில் வீட்டு எஜமானி தலையிட்டு எல்லா ரிமோட்டையும் ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கட்டிவிட்டார். எங்கள் வீட்டில் ஒருங்கிணைப்பு நடந்தது அப்படித்தான்.

கேபிளைப் பிடித்துக்கொள்ள ஒரு பூட்டுகூட வைக்கவில்லை என்பதையும் கோப்பில் பதிவு செய்கிறேன். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் இரண்டு பக்கமும் திருகாணி இருந்தது. தங்கள் முனை சும்மா இறுக்கத்தில் நிற்கிறது. சுவரில் ஒட்டி மாட்டிய டிவியில் கேபிளின் கனமே அதை மெல்ல இழுத்துவிடும். காருக்காகத் தாங்கள் வகுத்த ‘ஈ’ வகை முனைக்கு மட்டும் பூட்டு உண்டு. ஓடுகிற வண்டி ஆடும் என்று தெரிந்த தங்களுக்கு, மாசத்துக்கு ஒருமுறை ஒட்டடைக் குச்சியோடு வரும் எங்கள் வீட்டாரைத் தெரியவில்லை.

சுவர் என்றதும் எலக்ட்ரீசியன் அண்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். புதுவீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் இப்போது டிவிக்கு வயர் வெளியே தெரியக் கூடாது என்கிறார்கள். சுவரை வெட்டி, பைப் புதைத்து, உள்ளே தங்கள் கேபிளை விட்டு, பூசி, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் தாங்கள் அடுத்த எண்ணை அறிவித்துவிடுகிறீர்கள். தாமிரக் கேபிளில் 48 ஜிகாபிட் 3 மீட்டர் நிம்மதியாகப் போகும், 5 மீட்டரில் மூச்சுவாங்கும். அதற்கு மேல் தூரம் என்றால் ஒளியிழைக் கேபிள். அதற்கு ஒரு தலை, ஒரு வால் உண்டு: ஒரு முனையில் ‘சோர்ஸ்’, மறுமுனையில் ‘டிஸ்ப்ளே’ என்று எழுதியிருக்கும். மாற்றி இழுத்துப் பூசிவிட்டால் படம் வராது. அண்ணன் இப்போது ஒரு காரியம் செய்கிறார். முனை தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிய பைப் போட்டு, வளைவுகளை அகலமாக வைத்து, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கிறார். “எப்படியும் மாத்தச் சொல்லுவாங்க சார்” என்கிறார். தங்கள் மன்றத்தின் எதிர்காலத் திட்டங்களை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ஒன்று, படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டு. அது எங்களுடையதல்ல, இன்டெல் வழியாக வந்தது என்பீர்கள், சரி. அதன் மூலச் சாவி 2010-இல் வெளியே கசிந்ததை இன்டெலே ஒப்புக்கொண்டது. அதன்பிறகும் பூட்டு தொங்குகிறது. சந்தா கட்டிப் பார்ப்பவனுக்குக் கறுப்புத் திரை. புதுப்படம் திருட்டுத்தனமாக எங்கே கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு, நெடுங்காலம் இருந்த கட்டணப் பட்டியல்: தயாரிப்பாளர் ஆண்டுக்கு 10,000 டாலர் கட்டவேண்டும், தவிர கருவி ஒன்றுக்கு 15 சென்ட், தங்கள் சின்னத்தைப் போட்டால் 5 சென்ட், மேற்படி பூட்டையும் மாட்டினால் 4 சென்ட். பூட்டு மாட்டினால் தள்ளுபடி கொடுத்த ஒரே நிறுவனம் உலகில் தாங்களாகத்தான் இருக்கவேண்டும். 2024 பிப்ரவரியில், ஏஎம்டி நிறுவனம் லினக்ஸுக்கான தன் திறமூல நிரலில் 2.1 வசதிகளைச் சேர்க்கக் கேட்ட அனுமதியையும் மறுத்தீர்கள். விதிமுறை வெளியாருக்கு ரகசியம். பெயர்கள் மட்டும் பகிரங்கம். எங்கள் பக்கம் இதற்கு நேர்மாறு: கோப்பில் இருப்பது டீக்கடைக்குத் தெரியும், கோப்பின் பெயர்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கடைசியாகப் பார்வை 3. இதில் ஒரு நல்ல காரியம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், டிவி என்று சிக்னல் பல கை மாறும்போது உதடு முன்னே போய் வசனம் பின்னே வருவதைச் சரிசெய்ய ஒரு ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். டப்பிங் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய குறையாகப் பட்டதில்லை என்றாலும், நன்றி.

ஆனால் அல்ட்ரா96. இங்கே 96 என்றாலே நினைவுக்கு வருவது ஒரு திரைப்படம். 1996-இல் படித்தவர்கள் ஒன்றுகூடும் கதை. தங்கள் விளக்கத்தின்படி, அல்ட்ரா96 என்ற பெயரைத் தாங்கும் கருவி அதிகபட்சம் 64 ஜிகாபிட் தரலாம், அல்லது 80, அல்லது 96. இருபது ஆண்டுகளுக்கு மேல் கெஞ்சிய பிறகு, பெயரிலேயே ஒரு எண்ணைப் போட்டீர்கள். போட்ட கையோடு அந்த எண்ணையும் விருப்பத்துக்குட்பட்டதாக்கிவிட்டீர்கள். எங்கள் படத்தில் 1964-ஆம் ஆண்டு மாணவர்களும் 96-இன் உட்பிரிவுதான் என்று யாரும் வந்து உட்காரவில்லை.

ஆகவே தங்கள் சமூகத்தை வேண்டிக்கொள்வது: கேபிளின் மேலும், ஒவ்வொரு ஓட்டையின் பக்கத்திலும் அது தாங்கும் ஜிகாபிட்டை எண்ணால் எழுதச் செய்யவேண்டும். பட்டங்களைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம்.

தங்கள் மேலான பதில் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் இடைக்கால ஏற்பாடு ஒன்று அமலில் இருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்குப் பரணிலிருந்த பழைய கேபிளே தொடர்கிறது, படம் வருகிறது. 4கே ஸ்டிக்குக்கு அதோடு பெட்டியில் வந்த குட்டி வயர். தனியாக எதுவும் வாங்கவில்லை. புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று, பேரனின் கேம் பெட்டிக்கு, 2 மீட்டர்; உறையில் ஒட்டியிருந்த சான்றிதழ்ச் சீட்டைத் தங்கள் செயலியில் காட்டி அசல் என்று உறுதியான பிறகு, தங்க முலாம் பற்றிய விசாரணை எதுவுமின்றி வாங்கப்பட்டது. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் வெள்ளை டேப் சுற்றி, 10, 18, 48 என்று பேனாவால் எழுதியாகிவிட்டது. ஓட்டைகளின் பக்கத்தில் எழுத டிவியைச் சுவரிலிருந்து கழற்றவேண்டும். அதற்கு மாப்பிள்ளை தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: எலக்ட்ரீசியன் அண்ணன் – தகவலுக்காகவும், மறு உத்தரவு வரும்வரை சுவரை உடைக்காமல் இருப்பதற்காகவும்.